மூடாத பாத்திரமும் கழுவாத கையும்

 

2020-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகம் தழுவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. 2023 மே 5-ஆம் நாள், உலக அளவிலான அவசரநிலை முடிந்தது என்றும் அதே நிறுவனம் அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை ஜனாஸாக்களின் முகத்தைப் பாராமலே நாம் மண் தள்ளினோம் என்பதை எண்ணினால் இன்றும் நெஞ்சம் பதறுகிறது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது பள்ளிகளில் கஞ்சி அண்டா மீண்டும் அடுப்பேறிவிட்டது. கல்யாண வீடுகளில் சஹனைச் சுற்றி மறுபடியும் நான்கைந்து பேராய் அமர்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்நாட்களில் நாம் கற்ற நல்ல பழக்கங்களும் நோயோடு சேர்ந்தே விடைபெற்றுவிட்டன. “அதுதான் போய்விட்டதே, இனியும் எதற்கு?” என்கிறார்கள். கை கழுவுவதையும் பாத்திரத்தை மூடுவதையும் அரசாங்கத்தின் நோய்க்காலச் சட்டமென்று எண்ணியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவை நம் வீட்டுச் சொத்து என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலும்.

ஹழ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று முஸ்லிம் ஷரீஃபில் வருகிறது. பாத்திரங்களை மூடி வைக்கும்படியும், தண்ணீர்த் துருத்தியின் வாயைக் கட்டி வைக்கும்படியும் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவுகிறார்கள். வருடத்தில் ஓர் இரவு கொள்ளைநோய் இறங்குகிறது என்றும், மூடாத பாத்திரத்தையும் கட்டாத துருத்தியையும் அது கடந்து போனால் அதில் விழாமல் போவதில்லை என்றும் காரணம் கூறுகிறார்கள். மற்றோர் அறிவிப்பில், மூடுவதற்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு குச்சியையாவது குறுக்கே வைக்கும்படி வந்துள்ளது. நம் பாட்டிமார்கள் இரவில் அடுப்படி விளக்கை அணைக்குமுன் ஒவ்வொரு சட்டியாகத் தொட்டுப் பார்த்து, பிஸ்மி சொல்லி மூடி வைத்தார்களே, அது இந்த ஹதீஸின் மீதான அமல்தான். அவர்களில் பலருக்கு அது ஹதீஸ் என்பதுகூடத் தெரியாது.

இதைக் கொண்டு, வைரஸைப் பற்றி அன்றே சொல்லப்பட்டுவிட்டது என்று மேடையில் முழங்க வேண்டியதில்லை. அந்த இரவு எது, இறங்குவது எது என்பது அல்லாஹ்வின் ஞானத்தில் உள்ளது. நமக்கு வேண்டியது ஏவல். நோயை இறக்குபவன் அல்லாஹ் என்று சொன்ன அதே வாயால், பாத்திரத்தை மூடு என்றும் சொன்னார்கள். தவக்குல் என்ற பெயரால் மூடியைத் தூர எறிபவர் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் கேட்டவராகிறார்.

இனி, குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மதரஸாவில் முதன்முதலாக ஓதும் பாடமே தஹாரத்துதான். மனிதனின் எச்சில் தாஹிர், அதாவது சுத்தமானது. முஸ்லிமாயினும் பிறராயினும் அப்படியே. இதில் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளும் ஒன்றுபட்டே இருக்கின்றன. ஆகவே ஒருவர் குடித்து வைத்த குவளையில் மற்றவர் குடித்தால் தொழுகைக்கோ ஒலுவுக்கோ குறையொன்றும் இல்லை. இதை அரைகுறையாகக் கேட்டு வைத்தவர்கள்தாம், கொரோனா நாட்களில் “ஒரே குவளையில் குடிக்காதீர்கள்” என்று டாக்டர் சொன்னபோது கோபம் கொண்டார்கள். “முஃமினின் எச்சில் ஷிஃபா என்று ஹதீஸ் இருக்கிறதே!” என்று வாதாடினார்கள். அருமைச் சகோதரர்களே, அவ்வாறு ஒரு ஹதீஸ் இல்லை. மக்கள் நாவில் ஹதீஸ் என்று உலவும் சொற்களைத் துருவி ஆராய்ந்த இமாம்கள், அது நபிமொழி அன்று என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஷரீஅத் ஒரு பொருளைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கிறது. இது சுத்தமானதா என்பது ஒன்று. இது தீங்கு செய்யுமா என்பது இன்னொன்று. முதற் கேள்விக்கு விடை கிடைத்த மாத்திரத்தில் இரண்டாவதை மறந்துவிடுகிறோம். ஷாஃபிஈ ஃபிக்ஹு கிதாபுகளைப் புரட்டுங்கள். செடிகொடிகளிலிருந்து எடுக்கும் விஷம் தாஹிர்தான், நஜீஸ் அன்று. அது உடுப்பில் பட்டால் கழுவாமலே தொழலாம். ஆனால் அதை உண்பது ஹராம், ஏனெனில் அது கொல்லும். மண்ணும் தாஹிர்தான், அதைக் கொண்டு தயம்மும் செய்கிறோம். அதற்காக அதைத் தின்பதில்லையே! தனக்கும் தீங்கில்லை, பிறருக்கும் தீங்கு செய்தலில்லை என்ற அடிப்படையை நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்ததாக இப்னு மாஜாவில் வருகிறது. எச்சில் தாஹிர் என்பது அந்த எச்சிலில் நோய் இல்லை என்பதற்கு ஜாமீன் ஆகாது.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். சானிடைசர் திரவத்தில் ஆல்கஹால் இருக்கிறதே, கையில் தடவலாமா என்று கேட்டு, சிலர் நோய் பரவிய நாளில் அதைத் தொடவே அஞ்சினார்கள். போதைக்காகக் குடிப்பதற்கும் மருந்தாகக் கையில் தடவுவதற்கும் உள்ள வேற்றுமையைச் சொல்லி, உலமாக்கள் பலர் அனுமதி வழங்கினார்கள். ஆனால் அடுப்படியில் நிற்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: அது தீப்பற்றும் பொருள். அதைத் தடவிய ஈரக்கையோடு அடுப்பருகே போகாதீர்கள். உணவின் மீதும் தெளிக்காதீர்கள். வீட்டில் சோப்பும் தண்ணீரும் இருக்க அதற்குத் தேவையும் இல்லை.

கொரோனா உணவின் வழியாக வந்ததா? பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழியாகவே வந்தது. உணவை உண்டதால் அந்நோய் பரவியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. வைரஸ் என்பது உயிருள்ள உடலுக்குள் சென்றால்தான் பெருகும். சோற்றிலோ குழம்பிலோ அது பெருகாது. நன்கு கொதிக்கும் குழம்பின் சூட்டைத் தாங்கவும் தாங்காது. இது தெரியாமல் 2020-இன் தொடக்கத்தில் கோழியால் நோய் வருகிறது என்று ஒரு வதந்தி கிளம்பி, நாடெங்கும் கோழி விலை பாதாளத்துக்குப் போயிற்று. தக்காளியையும் கத்தரிக்காயையும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்த வீடுகளும் உண்டு. சோப்பு வயிற்றுக்கு ஆகாது. காய்கனிகளை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் போதும். சாராயம் குடித்தால் கிருமி சாகும் என்று நம்பி, மெதனால் கலந்ததைக் குடித்து ஈரானில் நூற்றுக்கணக்கானோர் மாண்டதும் அதே ஆண்டில்தான். ஹராமான வழியில் ஆரோக்கியத்தைத் தேடியவர்களின் கதி அதுவாயிற்று.

அப்படியானால் சஹனில் சேர்ந்துண்பதில் என்ன கெடுதி? கெடுதி நெய்ச்சோற்றில் இல்லை. நான்கைந்து தலைகள் ஒரு முழ இடைவெளியில் கவிந்திருக்கின்றன. உண்ணும் வாய் மூடியிருப்பதில்லை. பேச்சும் சிரிப்பும், காரம் ஏறினால் இருமலும் உண்டு. ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவர் அத்தனை பேரும் அவருடைய மூச்சுக்குள்தான் அமர்ந்திருக்கிறார்கள். இது கொரோனாவுக்கு. மஞ்சட்காமாலையின் ஒருவகையும், குழந்தைகளை வாட்டும் வயிற்றுப்போக்கு வைரஸ்களும் இருக்கின்றனவே, அவை கழுவாத கையிலிருந்து உணவுக்கும் உணவிலிருந்து வாய்க்கும் நேராகவே பயணம் செய்பவை. அவற்றுக்குச் சஹன் ஒரு பொது வழி.

ஆயினும் சேர்ந்துண்பது பரக்கத்து என்று ஹதீஸ் இருக்கிறதே என்பீர்கள். உண்மை. உண்டும் வயிறு நிறைவதில்லை என்று முறையிட்டவர்களிடம், சேர்ந்து உண்ணுங்கள், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லுங்கள், அதில் பரக்கத்துச் செய்யப்படும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது அபூதாவூதில் இருக்கிறது. அந்தப் பரக்கத்தை நாம் யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரே விரிப்பில் அமர்ந்து அவரவர் தட்டில் உண்டாலும் அது சேர்ந்துண்பதுதான். அதற்கும் மேலாக, திருமறையின் அந்நூர் அத்தியாயம் 61-ஆம் வசனத்தைப் பாருங்கள். நீங்கள் சேர்ந்து உண்டாலும், தனித்தனியே உண்டாலும் உங்கள் மீது குற்றமில்லை என்ற கருத்தை அல்லாஹ் அதில் தெளிவாக அருளியிருக்கிறான். ரப்புல் ஆலமீன் குற்றமில்லை என்று திறந்து வைத்த வாசலை, மரியாதைக் குறைவு என்று சொல்லி நாம் அடைக்கலாமா?

ஒரு குஷ்டரோகியின் கையைப் பிடித்து, தம்முடைய தட்டிலேயே உண்ணச் செய்தார்கள் என்றும் ஒரு ஹதீஸ் வருகிறது. சஹனுக்காக வாதாடுவோர் இதைத்தான் கடைசி ஆயுதமாக எடுப்பார்கள். அதைப் பதிவு செய்த இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களே அது கரீபான ஹதீஸ் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். குஷ்டரோகியை விட்டும் சிங்கத்தை விட்டு ஓடுவதுபோல் விலகும்படி ஏவியது புகாரியில் இருக்கிறது. ஸகீஃப் கூட்டத்தாருடன் பைஅத்துச் செய்ய வந்த குஷ்டரோகி ஒருவருக்கு, உம்முடைய பைஅத்தை ஏற்றுக்கொண்டோம், திரும்பிச் செல்லும் என்ற கருத்தில் ஆளனுப்பியது முஸ்லிமில் இருக்கிறது. கை கொடுத்துச் செய்ய வேண்டிய பைஅத்தையே தூரத்திலிருந்து ஏற்றார்கள். அந்த மனிதர் பைஅத்து இல்லாமல் திரும்பவில்லை என்பதையும் கவனியுங்கள். விலக்கியது உடலின் நெருக்கத்தை, உறவை விலக்கவில்லை.

சஹனில் உண்பதற்கும் ஓர் அதபு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 505-இல் மறைந்தவர்கள். அவர்களின் இஹ்யாவில் உண்ணும் ஒழுக்கங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. தட்டின் மேல் கையை உதறக் கூடாது என்கிறார்கள். கவளத்தை வாயில் இடும்போது தலையைத் தட்டின் மேல் நீட்டக் கூடாது. வாயிலிருந்து எதையேனும் எடுக்க நேர்ந்தால் முகத்தை உணவை விட்டும் திருப்பி இடக்கையால் எடுக்க வேண்டும். பல்லால் கடித்த கவளத்தின் மிச்சத்தைக் குழம்பில் தோய்க்கக் கூடாது. நுண்ணோக்கி எதுவும் இல்லாத காலத்தில், அருகிலிருப்பவர் அருவருப்படையக் கூடாதே என்ற ஒரே கவலையால் எழுதியவை இவை. சிறுவரான உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களின் கை தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது, பிஸ்மில்லாஹ் சொல், வலக்கையால் உண், உன் பக்கத்திலிருப்பதை உண் என்ற பொருளில் நாயகம் (ஸல்) அவர்கள் திருத்தியது எல்லோரும் அறிந்ததே. இன்று நம் சஹன்களில் இறைச்சித் துண்டைத் தேடிப் பயணம் போகும் கைகளைப் பார்த்தால், சுன்னத்தின் பெயரால் சஹனைப் பிடித்துக்கொண்டு, சஹனின் சுன்னத்தை விட்டுவிட்டோம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

பாத்திரத்துக்குள் மூச்சு விடுவதையும் பானத்தில் ஊதுவதையும் அவர்கள் தடுத்தார்கள். பானத்தில் தூசு கிடந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்க, அதைச் சாய்த்துக் கொட்டும்படி கூறினார்கள். ஒரே மூச்சில் தாகம் தீரவில்லை என்றபோது, குவளையை வாயை விட்டும் விலக்கி மூச்சு விடும்படி கூறினார்கள். இது திர்மிதீயில் இருக்கிறது. சூடான பாலை ஆற்றுவதற்காகக் குழந்தையின் கிண்ணத்தில் ஊதும் தாய்மார்கள் இதை நினைவில் கொள்ளட்டும். தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுப்பது பற்றியும் கேட்பார்கள். அதன் மஸ்அலாவுக்குள் இங்கே நாம் புகவில்லை. நோய் பரவும் நாட்களில் ஓதினால் போதும், மூச்சு படவேண்டாம் என்பதே நம் கருத்து. ஓதியதன் பலன் அல்லாஹ்விடமிருந்து வருவது, அதற்கு நம் மூச்சு துணை நிற்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. 2020-இல், உணவு வீணாகாதிருக்க ஒரு பிரிவினர் தட்டுகளை நாவால் வழித்துத் துடைக்கும் பழைய படக்காட்சி ஒன்றைத் தேடியெடுத்து, முஸ்லிம்கள் வேண்டுமென்றே நோயைப் பரப்புகிறார்கள் என்று நாடெங்கும் அனுப்பினார்கள். வடநாட்டில் சில ஊர்களில் முஸ்லிம் காய்கறி வண்டிக்காரர்களைத் தெருவுக்குள்ளேயே விடவில்லை. பொய்தான், பழிதான். அதற்கு நம் பதில் என்ன? நம் கடைகளிலும் நம் பள்ளி அடுப்படியிலும் யார் வந்து பார்த்தாலும் வாய்திறக்க முடியாத சுத்தம் இருக்க வேண்டும்.

பள்ளி அடுப்படி என்றதும் நோன்புக் கஞ்சிதான் நினைவுக்கு வருகிறது. 2020 ரமலானில் நம் மாநிலப் பள்ளிகளில் கஞ்சி காய்ச்சப்படவில்லை. அரசு கஞ்சிக்கென ஒதுக்கிய 5,450 டன் அரிசி, காய்ச்சாமல் வீடுகளுக்கே போய்ச் சேரும்படி ஏற்பாடாயிற்று. புனித மக்காவிலும் மதீனாவிலும் ஹரம் ஷரீஃபுகளில் அவ்வாண்டு இஃப்தார் விரிப்புகள் இல்லை. ஏறத்தாழ ஆயிரம் பேர் மட்டுமே செய்த அந்த ஹஜ்ஜில் ஜம்ஜம் தண்ணீர்கூட அடைத்த புட்டிகளில்தான் வழங்கப்பட்டது. அங்கேயே அப்படியென்றால் நம் ஊரில் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்க இடமேது!

இப்போது கஞ்சி திரும்பிவிட்டது. அதன் கணக்கைச் சற்று எண்ணுங்கள். அஸருக்கு இறக்கி ஊற்றத் தொடங்கினால், வாளியில் வாங்கிப் போன கஞ்சி மஃரிபு வரை இரண்டரை மணி நேரம் ஆறிக்கொண்டே இருக்கிறது. சமைத்த உணவைச் சூடாக, அதாவது 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். இயலாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்கக் கூடாது என்கிறார்கள். இதில் மிச்சத்தை ஸஹருக்கு வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. அரிசிச் சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி இருக்கிறது. அதன் வித்து கொதியிலும் சாவதில்லை. கஞ்சி ஆறியதும் முளைத்து நஞ்சு கக்கும். மறுபடி கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. இது வைரஸ் அன்று, ஆனால் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்த நாட்களில் வாந்தியும் பேதியுமாக ஒருவரைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? ஆகவே கஞ்சியை நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டியே இறக்குங்கள். அண்டாவை மூடி வையுங்கள். ஊற்றுபவர் ஒருவரே அகப்பையைத் தொடட்டும். பிள்ளைகள் தம் குவளையை அண்டாவுக்குள் முக்குவதைத் தடுங்கள்.

சமையற்காரருக்கு இருமலோ காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அவர் அடுப்படிக்கு வரக்கூடாது. இதை நாட்டாண்மைக்காரர்கள் சட்டமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் வராத நாளுக்குக் கூலி உண்டா? கூலியைப் பிடித்துக்கொண்டால், அந்த ஏழை நோயை மறைத்துக்கொண்டு வந்துதான் தீருவார். அவருடைய கூலியை ஜமாஅத்து கொடுத்துவிடட்டும். கஞ்சிக்கு அரிசி வாங்கித் தரும் செல்வர்கள் இதற்கும் ஒரு பங்கு ஒதுக்கினால் அது முழு ஊரின் ஆரோக்கியத்துக்குச் செய்த ஸதக்காவாகும்.

பூண்டு, வெங்காயத்தைப் பச்சையாய் உண்டவர் நம் பள்ளியை நெருங்க வேண்டாம் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வாசனை பிறரை வருத்துமே என்பதற்காக ஜமாஅத்தையே விடச் சொன்ன மார்க்கத்தில், நோயைக் கொண்டுவரும் இருமலோடு வலீமா விருந்துக்குப் போவது எப்படிச் சரியாகும்? அழைத்தவர் மனம் புண்படுமே என்று போகிறார்கள். அழைத்தவரே முந்திக்கொண்டு, சுகமில்லாதவர்கள் வரவேண்டாம், உங்கள் பங்கு வீடு தேடி வரும் என்று சொல்லிவிட்டால் அந்தச் சங்கடம் தீர்ந்தது. ஹழ்ரத் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அந்தக் குடும்பத்துக்கு உணவு சமைத்து அனுப்பும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். நோயில் அடைபட்ட வீட்டு வாசலில் மூடிய தூக்கை வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு விலகி நிற்பது அந்த சுன்னத்தின் வழியில்தான் சேரும்.

கையைப் பற்றி ஒன்று. தூங்கி எழுந்தவர் மூன்றுமுறை கழுவுமுன் பாத்திரத்துக்குள் கையை விட வேண்டாம், இரவில் அந்தக் கை எங்கே கிடந்தது என்பது அவருக்குத் தெரியாது என்ற கருத்திலுள்ள ஹதீஸை ஒலுவின் பாடத்தில் ஓதிவிட்டு, அடுப்படியில் மறந்துவிடுகிறோம். கையில் உணவின் பிசுக்கோடு கழுவாமல் உறங்கி, ஏதேனும் நேர்ந்தால் தன்னையன்றி வேறெவரையும் பழிக்க வேண்டாம் என்பதும் ஹதீஸ்தான். “ஒலுச் செய்த கை போதாதா?” என்று கேட்பவருண்டு. ஒலு தொழுகைக்குப் போதும். கொரோனா வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணீருக்கு மட்டும் போகாததுபோல், அதற்கும் சோப்பு வேண்டும். இருபது விநாடி தேய்க்க வேண்டும், விரலிடுக்கும் நகக்கண்ணும் உட்பட. விரலிடுக்கைக் கோதுவது நமக்குப் புதிதன்று.

இன்னும் ஒன்று, நம் வீட்டு ஆண்கள் காதில் விழ வேண்டியது. விருந்து நாட்களில் ஆண்கள் சஹனில் உண்டு எழுந்தபின், அதில் எஞ்சியதை உள்ளே கொண்டுபோய்ப் பெண்களும் பிள்ளைகளும் உண்பது, அதிலும் எஞ்சியதை வேலைக்கு வரும் பெண்ணின் தூக்கில் போட்டனுப்புவது பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. வெளியூர் விருந்தாளி நால்வரின் கையும் மூச்சும் பட்ட சோறு, கைக்குழந்தையைச் சுமந்திருக்கும் தாயின் வயிற்றுக்குப் போகிறது. சமைத்துக் கொண்டுவரும் பணியாளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் அதிலிருந்து ஒரு கவளமாவது கொடுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்க, நாம் கொடுப்பது மிச்சம். விருந்தானாலும் அன்றாடச் சாப்பாடானாலும், நோய்க்காலமானாலும் நல்ல காலமானாலும், பானையைத் திறந்ததும் வீட்டுப் பெண்களின் பங்கையும், பிள்ளைகளின் பங்கையும், வேலைக்காரப் பெண்ணின் பங்கையும் முதலில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். சஹனை அதன் பிறகு நிரப்பலாம்.